அத்திவாரத்தில் ஏழு ஓட்டைகள்

எனக்கு ஒருவரையும் நம்ப வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. என் உயரம், நிறம் எல்லாம் எப்படியோ அப்படித்தான் இதுவும். கடையில் பால் எடுத்தால் முன்வரிசையில் இருப்பதை எடுக்கமாட்டேன், பின்னுக்குக் கையை விட்டுத்தான் எடுப்பேன். ரயில் நேரத்தைப் பலகையில் பார்த்த பிறகும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பேன். அவர் சொன்ன பிறகு பலகையை இன்னொரு தரம் பார்ப்பேன். இப்படிப்பட்ட ஒருவனிடம் போன வருடம் ஆவணி முடிவில் என் மனைவி வந்து, வீட்டுத் தரைக்கு இசோலேரிங் செய்ய வேண்டும் என்றாள். இந்த நாட்டு டெனிஷ் மொழியில் அப்படித்தான் சொல்வார்கள். தரைப்பலகைக்குக் கீழே பஞ்சு மாதிரி ஒன்றைத் தடிப்பாக அடைத்துக் குளிர் மேலே ஏறாமல் தடுக்கிற வேலை.

"இந்த விண்டரும் இந்தத் தரையில என்னால நிக்கேலாது," என்றாள். "தரையைச் செய்யுங்கோ. இல்லாட்டி நான் மகளிட்டைப் போறன்."

அவள் சும்மா வெருட்டுகிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்புப் போட்டுவிட்டு வேலை செய்தவள். வேலையை விடப்போகிறேன் என்று ஒரே ஒரு நாள்தான் சொன்னாள். அடுத்த நாள் விட்டுவிட்டாள். மூட்டுவாதம். குளிர் பட்டால் அவளுடைய கால்விரல்கள் முதலில் சுண்ணாம்பாய் வெளுக்கும், பிறகு நீலம் பூக்கும், பிறகு நோ தொடங்கும். நோ தொடங்கினால் அன்றைய பொழுது முழுவதும் கதிரையில்தான் போகும்.

இதற்கு டெனிஷ்காரர் எல்லோரிடமும் ஒரே மருந்து இருக்கிறது, வீட்டுச் செருப்பு. டொக்டர் அதைத்தான் சொன்னார், மகளும் அதைத்தான் சொன்னாள். செருப்பு இல்லாமலா இருக்கிறது? ஆட்டுரோமம் வைத்த நல்ல செருப்பு இரண்டு சோடி இருக்கிறது. ஆனால் சாமியறை வாசலில் அதைக் கழற்றிவிடுவாள். காலுறையையும் கழற்றுவாள். விளக்கேற்றி, தேவாரம் பாடி, கற்பூரம் காட்டி முடிய அரை மணித்தியாலம் செல்லும். அந்த அரை மணித்தியாலமும் வெறுங்கால்தான். ஒரு பாயைப் போட்டுக்கொண்டு நில்லுமேன் என்று நான் சொன்னதைக் கேட்டு ஒருமுறை பாய் போட்டாள். இரண்டு கிழமையில் பாயின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை, வீட்டை விற்ற கிழவியைத் திட்டினேன்.

அந்தக் கிழவியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீடு இக்காஸ்ட் என்கிற சின்ன ஊரில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிற பழைய செங்கல் வீடு. முப்பது வருடத்துக்கு முன்னர், நான் துணி ஆலையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் வாங்கியது. விற்றவர் தனியே இருந்த ஒரு டெனிஷ் மூதாட்டி. சாவி தருகிற அன்றைக்கு அவர் எங்கள் இருவரையும் வடகிழக்கு மூலையில் இருந்த சின்னச் சாமான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையில் இருந்த ஒரு பலகை மூடியைத் தூக்கினார். கீழே இருட்டு. எழுபது வயது மனிசி அப்படியே குப்புறப் படுத்து, டோர்ச்சை அடித்து, கையை நீட்டி நீட்டி ஏதோ காட்டினார். தரைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஆள் ஊர்ந்து போகக்கூடிய அளவுக்கு ஒரு வெளி இருந்தது, அதுமட்டும் விளங்கியது. அவர் சொன்னது விளங்கவில்லை. எங்களுக்கு அப்போது டெனிஷ் நன்றி சொல்லுமளவுக்குத்தான் தெரியும். எழும்பி, பாவாடையில் தூசி தட்டிவிட்டு, நீல மையில் இரண்டு பக்கமும் எழுதிய ஒரு தாளை என் கையில் தந்தார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. சாவி தரமுன்னர் இருட்டைக் காட்டுகிறாரே, ஏன்? பிறகு ஏதாவது பழுது வந்தால் ‘நான் காட்டித்தானே தந்தேன்’ என்று சொல்லத்தான். தாளும் அதற்குத்தான், பொறுப்பைக் கழற்றிவிடுகிற கடுதாசி. யாரிடமாவது கொடுத்து வாசித்துக் கேட்கலாம் என்றால், அந்தக் காலத்தில் ஊரில் டெனிஷ் எழுத்து வாசிக்கத் தெரிந்த தமிழர் ஒருவரோ இருவரோதான். அவர்களிடம் கொடுத்தால் பின்னேரத்துக்கிடையில் எங்கள் வீட்டுக் கதை நாலு வீட்டில் கதைபடும். தாளை மடித்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்தேன். சாமான் அறை ஈசான மூலையில் அமைந்தது பெரிய வாய்ப்பு என்று மனைவி மகிழ்ந்துபோனாள். அதையே சாமியறையாக்கி, மூடிக்கு மேலேயே படங்கள் அடுக்குகிற பெரிய மரச் சாமித்தட்டை வைத்தோம். முப்பது வருடமாக அந்த மூடியை ஒருவரும் திறக்கவில்லை.

பிறகு குளிர் ஏறினபோதெல்லாம், மழைக்காலத்தில் ஒரு ஈர மணம் வந்தபோதெல்லாம், ‘கிழவி எங்களைப் பேய்க்காட்டிப்போட்டா’ என்பதுதான் என் கதை. கடையில் கண்டால் அவர் கிட்ட வந்து வீடு எப்படி என்று கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். அவர் செத்தபோது தெருவில் எல்லோரும் தேவாலயத்துக்குப் போனார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்று வருகிறீர்களா என்றும் கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். அன்றைக்கு எனக்கு வேலை இல்லை.

சரி, இசோலேரிங்குக்கு வருகிறேன். மகள் தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் இருக்கிறாள். அவளுடைய புது அடுக்குமாடி வீட்டில் தரைக்குள்ளேயே சுடுதண்ணீர்க் குழாய் ஓடுகிறது. மார்கழியிலும் வெறுங்காலோடு நடக்கலாம். மனைவி போனமுறை அங்கே போய்விட்டு வந்து அந்தத் தரையைப் பற்றியே ஒரு கிழமை கதைத்தாள். மகளுக்கு இரண்டு வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது. அம்மாவின் கால் நோவில் மகளுக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது, பிள்ளை பார்க்க ஆள் தேடுகிறாளோ என்று எனக்குள் ஓடியது. பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி நினைக்கலாமா? நினைத்தேன். அவள்தான் தொலைபேசியில் பாதி டெனிஷிலும் பாதி தமிழிலும் கதைத்து ஒரு கம்பனிக்காரரை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

அந்த மனிதர் ஒரு கமராவோடு வந்தார். அதில் பார்த்தால் சூடான இடம் சிவப்பாகவும் குளிரான இடம் நீலமாகவும் தெரியுமாம். எங்கள் தரை முழுக்க நீலம். எனக்கென்னவோ அந்த கமரா எல்லார் வீட்டிலும் நீலம்தான் காட்டும் என்று பட்டது. அதை என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பிடிக்கச் சொன்னேன். சிவப்பு வந்தது. அப்படியும் திருப்திப்படாமல் அடுப்புக்கும் யன்னலுக்கும் பிடிக்கச் சொன்னேன். மனிதர் பொறுமையாகப் பிடித்துக் காட்டினார். அவ்வளவு பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாமியறை வாசலில் சப்பாத்துக்கு மேலே நீலப் பிளாஸ்டிக் உறையைப் போட்டுக்கொண்டு நின்றார். மனைவி மெதுவாக, கழற்றிவிட்டு வரலாமா என்று கேட்டாள். கழற்றிவிட்டு உள்ளே போனவர் இரண்டு நிமிடத்தில் ஒரு காலை மற்றக் காலுக்கு மேல் வைத்துத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். கமரா பொய் சொன்னாலும் கால் பொய் சொல்லாது. அந்த இடத்தில் மட்டும் நான் அவரை நம்பினேன்.

கீழேயிருந்து இசோலேரிங் செய்யலாம், ஒரு கிழமை வேலை, விண்டருக்கு முன்னம் முடிக்கலாம் என்றார். ஆனால் முதலில் கீழே காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஈரத்தை வைத்துக்கொண்டு பஞ்சை அடைத்தால் மரம் உக்கி, தரையே கீழே இறங்கிவிடும் என்றார். பிறகு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, அத்திவாரத்தில் காற்றோட்டத்துக்கு விட்ட ஓட்டைகள் எங்கே என்று கேட்டார். இந்த மாதிரிப் பழைய வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டுமே என்றார். இந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

அவர் அதைக் கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று இடறினது உண்மை. ஆனால் எனக்குப் பழக்கமான பெயரைத்தான் அதற்கும் வைத்தேன். இல்லாத வேலையை இருக்கிறதென்று காட்டப்பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கீழே பார்த்துவிட்டு நானே அறிவிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சர். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னர் எங்கள் பக்க வேலிப் பற்றையைக் கேட்காமல் வெட்டினவர், அன்றிலிருந்து அவரோடு எனக்கு அளவான பழக்கம்தான். தன் மகனுக்கு எங்கள் வீட்டை எடுக்க ஆசைப்படுகிறார் என்பது என் கணக்கு. அதற்கு ஆதாரம்? இரண்டு தரம் எங்கள் வீட்டு அத்திவாரத்தைக் குனிந்து பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை வாய் திறந்து ஏதோ கேட்கவும் வந்தார். உங்கள் வீட்டைப் பாருங்கள் என்கிற மாதிரி ஒரு பதில் சொல்லி அனுப்பினேன். இப்போது மனைவி அவரிடம் கதையைச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வந்து தான் கீழே இறங்கிப் பார்த்துத் தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம் என்றாராம்.

சும்மா ஒருவர் வந்து இன்னொருவன் வீட்டுக்குக் கீழே ஊர்வாரா? இறங்கிப் பார்த்துவிட்டு, ஐயோ, எல்லாம் உக்கிப்போச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கோ என்று சொன்னால் நான் எதைக் கண்டேன்? நானே இறங்குகிறேன் என்றேன். அறுபது கடந்தவன் என்றாலும் நான் மெலிந்த ஆள். அவர் சரி என்று சொல்லி, தன்னுடைய மேலங்கியும் நெற்றியில் கட்டுகிற லைட்டும் முழங்கால் மெத்தையும் தந்தார். கையில் ஒரு ஸ்க்ரூட்ரைவரைத் தந்து, தரையைத் தாங்கிச் சுவரில் குந்துகிற மர வளைகளின் நுனியில் குத்திப் பார்க்கச் சொன்னார். உள்ளே இறங்கினால் மரம் போய்விட்டதென்று அர்த்தம்.

மனைவி காலையிலேயே முழுகி, நல்ல நேரம் பார்த்து, ஒவ்வொரு சாமிப்படமாகத் தூக்கி முன் அறையில் வெள்ளைத்துணி விரித்து அதில் வைத்திருந்தாள். சாமித்தட்டை நானும் தச்சரும் நகர்த்தினோம். மூடி இலேசில் கிளம்பவில்லை. கிளம்பியபோது வந்த மணத்துக்கு அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

நான் இறங்கினேன். கீழே குப்புறப் படுத்துக்கொண்டுதான் போகலாம். மண் குளிர்ந்து ஈரமாகக் கிடந்தது, நெஞ்சு நனைந்தது. வடக்குச் சுவர்ப் பக்கம் ஊர்ந்து போய் முதல் வளையின் நுனியில் ஸ்க்ரூட்ரைவரை வைத்து அழுத்தினேன். அவிந்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அடுத்ததும் அப்படித்தான். என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? ‘பாத்தியா, கிழவியின்ரை வேலையை!’ அந்த இருட்டுக்குள் எனக்கு ஒரு சந்தோஷமே வந்தது. முப்பது வருடமாக நான் சொன்னது சரியாகிவிட்டதே.

அப்போது லைட் சுவரில் பட்டது. சுவரின் அடியில் ஒரு சதுர ஓட்டை, அதற்குள்ளிருந்து ஒரு துணி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. மஞ்சளும் பச்சையும் வரி வரியாய்.

அந்தத் துணியை எனக்குத் தெரியும். நாங்கள் வீட்டுக்கு வந்த வருடம் ஆலையில் ஒரு முழுக் கட்டுத் துணிக்குச் சாயம் பிழையாகப் போய்விட்டது. வெள்ளை வரி வரவேண்டிய இடத்தில் மஞ்சள் விழுந்துவிட்டது. எறியிறதுக்கு வைத்திருந்ததை வேண்டியவர்கள் கொண்டுபோகலாம் என்று போர்மன் சொல்ல, எங்கள் ஆட்கள் விடுவார்களா? அந்த வருடம் இக்காஸ்டில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே காற்சட்டை. தலையணை உறை, அடுப்படித் துணி, யன்னல் சீலை எல்லாம் மஞ்சள் பச்சை. என் மகளின் முதல் காற்சட்டையும் அதுதான். டெனிஷ்காரர் வீட்டில் அந்தத் துணி இருக்க வழியே இல்லை. கிழவி வீட்டை விட்டுப் போன பிறகு வந்த துணி அது.

அந்தப் புரட்டாதியில் என் மனைவி ஏழு மாதம். வந்த முதற்கிழமை வீட்டைச் சுற்றிப் பார்த்தவள், அத்திவாரத்தில் நிலத்தோடு ஒட்டினாற்போல ஏழு ஓட்டைகள் இருப்பதைக் கண்டு பயந்துபோனாள். கம்பி வலையும் இரண்டில் உடைந்திருந்தது. ‘பாம்பு பூந்தா என்ன செய்யிறது?’ என்றாள். எங்கள் பக்கத்தில் சுவரடியில் ஓட்டை கண்டால் இரவைக்கு முன்னம் அடைத்துவிடுவார்கள், அதைப் பற்றி யோசிக்க ஒன்றும் இல்லை. இந்த ஊரில் என்ன பாம்பு, யார் பூரப்போகிறது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று ஏழு ஓட்டைக்குள்ளும் துணியைத் திணித்து, மேலே சீமெந்து பூசி, அத்திவாரம் முழுவதற்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அதன்பின் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை மேலே மேலே பெயின்ட் அடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் மறந்துதான் போனேன்.

மேலேயிருந்து தச்சர் எப்படி இருக்கிறது என்று கூப்பிட்டுக் கேட்டார். நான் துணியைப் பிடுங்கி மேலங்கிக்குள் செருகினேன். நல்லாய் இருக்கிறது, காய்ந்துதான் கிடக்கிறது என்று கத்தினேன். மேலே வந்தபோது அவர் என் நனைந்த நெஞ்சையும் முழங்கையையும் பார்த்தார். மேலங்கியைத் தோய்த்துத் தருகிறேன் என்றேன், லைட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

ஏன் பொய் சொன்னேன் என்றால், வெட்கம்தான் முதல். ஆனால் அது மட்டுமில்லை. நான் உண்மையைச் சொன்னால் ஓட்டைகளைத் திறக்க வேண்டும், மரம் காய வேண்டும், உக்கினதை மாற்ற வேண்டும், அதற்குப் பிறகுதான் இசோலேரிங். இந்த விண்டரில் நடக்காது. ஓட்டைகள் திறந்து கிடக்கிற தரை முந்தியதைவிடக் குளிரும். அவள் போய்விடுவாள். வாயை மூடிக்கொண்டு கம்பனிக்காரருக்கு ஓம் சொன்னால் ஒரு கிழமையில் தரை சூடாகும், அவள் இருப்பாள். மரம் உக்கித் தரை இறங்க இன்னும் ஐந்து வருடமாவது செல்லும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவளோ நான் சொன்னதைக் கேட்டுச் சந்தோஷத்தில் இருந்தாள். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, ‘அப்பா கீழ இறங்கிப் பாத்தவர், எல்லாம் நல்லா இருக்காம், நான் வரேல்லை’ என்றாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பிடித்த ஒடியல் கூழ் காய்ச்சினாள். பாதிக் கோப்பையோடு வைத்துவிட்டு எழும்பினேன்.

திங்கட்கிழமை அவள் கடைக்குப் போன நேரம் வீட்டுப் பத்திரங்களை எடுத்தேன். கிழவியின் தாள் மடித்தபடியே கிடந்தது. முப்பது வருடத்தில் எனக்கு டெனிஷ் நன்றாகவே வந்துவிட்டது, ஆனால் இந்தத் தாளை ஒருமுறையாவது விரித்துப் பார்க்க வேண்டும் என்று வந்ததில்லை. வாசித்தேன். பொறுப்பைக் கழற்றுகிற கடுதாசி இல்லை. அப்பிள் மரத்தை எப்போது கத்தரிப்பது, எந்த யன்னல் இறுகும், குப்பைக்காரர் எந்த நாளில் வருவார் என்றெல்லாம் எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில், கீழே கோடு போட்டு, ஏழு ஓட்டைகளையும் எந்தக் காலத்திலும் மூட வேண்டாம், வீடு அவற்றால்தான் மூச்சு விடுகிறது, வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள் என்று இருந்தது. கடைசியில், பிறக்கப்போகிற பிள்ளைக்கு இந்த வீடு நல்ல வீடாக இருக்கட்டும் என்று எழுதிப் பெயர் போட்டிருந்தார். கடையில் நான் முகத்தைத் திருப்பின திருப்பெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை காலை முன் அறையில் மனைவி சாமிப்படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் பத்தரைக்குத் தொடங்குகிறது, தட்டைத் திரும்ப நகர்த்தித் தாருங்கோ என்றாள். சாமியறைக்குள் போய், வழக்கம்போல வெறுங்காலோடு, அந்த மூடிக்கு மேலேயே நின்று எனக்காகக் காத்திருந்தாள். விரல்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஏலவில்லை. மேலங்கிக்குள் ஒளித்து வைத்திருந்த துணியையும் அந்தத் தாளையும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கிற இடத்தில் என் புத்தி போகுமா, ‘நீர்தானே பாம்பு பூருமெண்டனீர்’ என்றும் ஒரு சொல் சொன்னேன்.

அவள் துணியை விரித்துப் பார்த்தாள். கறுத்து, ஊறி, பூஞ்சணம் பிடித்துப்போய் இருந்தது, ஆனால் மஞ்சள் தெரிந்தது.

"ஓம், நான்தான் சொன்னனான்," என்றாள். "இதை எப்ப கண்டனீங்கள்?"

"சனிக்கிழமை."

"இண்டைக்குச் செவ்வாய்."

அவளுக்குக் கோபம் வந்தால் நல்லது என்று இருந்தது. கோபத்தோடு எனக்குப் பழக்கம், சமாளிப்பேன். அவள் கோபப்படவில்லை. கீழே தன் கால்களைப் பார்த்தாள், பிறகு மூடியை விட்டு விலகி வாசலில் கிடந்த செருப்பைப் போட்டாள்.

"நீங்கள் அடைச்சது எண்டபடியாத்தான் நான் பிறகு ஒருக்காலும் குனிஞ்சு பாக்கேல்லை," என்றாள். "உங்களுக்கு ஊர் உலகத்தில எல்லாரிலும் சந்தேகம். நான் உங்களை நம்பித்தானே முப்பது வருசம் இதில நிண்டனான்."

அன்று பின்னேரம் நான் தச்சரின் கதவைத் தட்டினேன். பொய் சொன்னேன் என்று சொன்னேன். தெரியும், உங்கள் முழங்கை சொன்னது என்றார். அடுத்த நாள் உளியோடும் சுத்தியலோடும் வந்து, நான் எந்த இடம் என்று காட்டக் காட்ட, ஏழு ஓட்டைகளையும் உடைத்துத் திறந்தார். நான் துணியை இழுத்து எடுத்தேன். இந்த வரிசையில் உங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் ஓட்டை இல்லை என்று தான் வருடக்கணக்காக யோசித்ததாகவும், ஒருமுறை கேட்கவும் வந்ததாகவும் சொன்னார். ஓம், வந்தவர்தான். உங்கள் மகனுக்கு இந்த வீட்டில் ஆசையில்லையா என்று நான் கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார். மகன் பத்து வருடமாக நோர்வேயில் இருக்கிறானாம், திரும்பி வருகிற யோசனையே இல்லையாம்.

கம்பனிக்காரர் வந்து பார்த்துவிட்டு நான் பயந்ததையேதான் சொன்னார். இந்த விண்டரும் வசந்தமும் காயட்டும், கோடையில் வளைகளின் நுனிகளை மாற்றலாம், பிறகு இசோலேரிங். இந்த முறை நான் அவரிடம் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை. ஐப்பசி முடிவில் மனைவி இரண்டு பெட்டியும் ஒரு சின்னப் பிள்ளையார் படமும் எடுத்துக்கொண்டு ஹ்விடோவ்ரேக்கு ரயில் ஏறினாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. கால் ஏலாமல்தான் போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்கும் அதைத்தான் சொன்னாள். மற்றப் படங்களையெல்லாம் முன் அறையில் வைத்திருக்கிறேன், காலையில் விளக்கேற்றுவது நான். அரை மணித்தியாலம் நிற்க முடியவில்லை, பத்து நிமிடத்தில் கால் விறைக்கிறது. அவள் எப்படி நின்றாள் என்று தெரியவில்லை.

இப்போது தை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணிக்கு அவள் தொலைபேசி எடுப்பாள். சாப்பிட்டேனா, விளக்கேற்றினேனா என்று கேட்பாள். பேரப்பிள்ளை என்ன புதுச்சொல் சொன்னான் என்று சொல்லுவாள். போன கிழமை பனி கொட்டின அன்றைக்கு, எல்லாம் கதைத்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஓட்டை எல்லாம் திறந்துதானே கிடக்குது?"

"ஓம். ஏழும் திறந்துதான் கிடக்கு."

பின்னால் பேரன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"படம் எடுத்து அனுப்புங்கோ," என்றாள்.

முப்பத்தைந்து வருடக் கலியாணத்தில் நான் சொன்ன ஒன்றுக்கு அவள் அத்தாட்சி கேட்டது இதுதான் முதல் தரம். வெளியே போய், பனிக்குள் முழங்காலில் நின்று, வடக்குச் சுவரில் தொடங்கி ஏழு ஓட்டையையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். விரல் விறைத்து இரண்டு படம் ஆடிப்போனது, அவற்றைத் திரும்ப எடுத்தேன். அனுப்பிவிட்டு உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னம் பதில் வந்துவிட்டது. ஆறாவது ஓட்டைக்கு முன்னால் சருகு கிடக்குது, அதை எடுத்துப்போட்டுத் திரும்பப் படம் அனுப்புங்கோ என்று எழுதியிருந்தாள்.

படத்தைத் திரும்பப் பார்த்தேன். கிடந்தது, ஒரேயொரு சருகு. நான் அதைக் காணவில்லை. லேஸைத் திரும்பக் கட்டிக்கொண்டு வெளியே போனேன்.